கடைசிப் பாட்டு முடிந்ததும்

இங்கே டிக்கெட் கிடையாது.
அதனால்தான் இந்த இடம்.
காபிக்கடை என்றால்
யார் காசு கொடுப்பது என்று ஒரு சண்டை வரும்.
அவள் வீடு என்றால் அவள் அம்மா.
என் அறை என்றால் ஒற்றை நாற்காலி.
யெரெவானின் நடுச்சதுக்கத்தில்
தண்ணீர் யார் பேரிலும் இல்லை.

ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில்
கடைசிப் பாட்டு முடிந்ததும்
மகளை அவளிடம் விட வேண்டும்.
வாய்ச்சொல்தான்.
நாங்கள் இருவரும் இதுவரை மீறாத
ஒரே வாய்ச்சொல்.

ஆர்பினேவுக்கு ஏழு வயது.
நிறங்களுக்கு அவளே பெயர் வைத்திருக்கிறாள்.
சிவப்பு எழும்பினால் மாதுளை,
ஊதா என்றால் சித்தப்பாவின் கார்.
வெள்ளை வந்தால் மட்டும் பேசாமலிருக்கிறாள்.
ஏன் என்றேன்.
"அது தண்ணிதானேப்பா."

பகல் முழுக்க வேன் ஓட்டிய கால்
வயலினுக்கும் கிளட்ச் மிதிக்கிறது.
முன்னால் தெஹ்ரானிலிருந்து வந்த குடும்பம்
செல்போனைத் தலைக்குமேல் தூக்கி
அத்தனை பெரிய ஊற்றை
உள்ளங்கை அகலத்தில் பார்க்கிறது.
பலூன் விற்கும் வார்ட்கெஸ்
என் வேனில் மூன்று நாள் பாக்கி,
என்னைப் பார்க்காமலே
குழந்தைக்கு ஒரு பச்சை பலூன் தந்துவிட்டுப் போகிறான்.

ஷோகிக் எப்போதும் முன்னதாகவே வந்துவிடுவாள்.
தூரத்துக் கல்குழாயில் குனிந்து தண்ணீர் குடித்து
வாயைத் துடைத்து
அங்கேயே நிற்பாள்.
பாட்டு முடியாமல் நெருங்கமாட்டாள்.
அது அவள் நாகரிகம்.

அன்றைக்குக் கடைசிப் பாட்டின் பாதியில்
மியூசியத்தின் மேல்வரிசைத் தூண்வரை போன நீர்
ஓங்கிய கை
அடிக்காமல் இறங்குவதுபோல்
இறங்கியது.
இசை நின்றது. விளக்கு நின்றது.
ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு "அ".

ஷோகிக் பாதி தூரம் வந்து நின்றாள்.
கோபுரக் கடிகாரத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
பம்பு பழுதானால் என்ன செய்வதென்று
நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.
"இன்னும் முடியலை," என்றாள் ஆர்பினே
இரண்டு பக்கமும் கேட்கும்படி.

வந்து உட்கார்ந்தாள்,
குழந்தைக்கு அந்தப் பக்கம்.
முழங்கைவரை ரொட்டிமாவு வாசம்.
கேட்காமலே கை நீட்டினாள்.
கேட்காமலே
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைச் சரித்தேன்.

"பிரேக் மாத்தினியா?"
"மாத்திட்டேன்."
"பொய்."
"பொய்தான்."

முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவன்
டார்ச்சோடு தொட்டிக்குள் இறங்கினான்.
கூட்டம் கைதட்டியது.
அவன் நடிகனைப்போலக் குனிந்து கும்பிட்டான்.
ஷோகிக் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பில் கடைவாயில் ஒரு பல் இல்லை,
எப்போது எடுத்தாள்,
யார் கூடப் போனார்கள்.

பத்து இருபதுக்கு எழுந்தாள். பேக்கரியில் ராத்திரி வேலை.
பையைக் கொடுத்தேன்.
"வலப்பக்க அறையில் அவ பல்லு இருக்கு,
காகிதத்தில் மடிச்சு. தொலைச்சிடாதே."
"என்னைக்கு விழுந்தது?"
"நேத்து. ஆப்பிள் கடிக்கிறப்ப."
தலையாட்டினாள்.
இருவரும் மெட்ரோ பக்கம் நடந்தார்கள்.
பச்சை பலூன் கொஞ்ச நேரம் தெரிந்தது.

வேனில் ஏறிச் சாவி போட்டபோது
பின்னாலிருந்து வந்தது பாட்டு.
விட்ட இடத்திலிருந்து அல்ல,
முதலிலிருந்து.

சுரங்கப் படியில் இறங்கியிருப்பார்களா,
அவளுக்கும் கேட்டிருக்குமா,
கேட்டுத் திரும்பியிருப்பாளா,
கண்ணாடியில் மட்டும் பார்த்தேன்.
ஈரக் காற்றும் மாதுளை நிறமும்.

வண்டியை எடுக்கவில்லை.
பேச்சுப்படி
இந்தப் பாட்டு முடியும்வரை அவள் என்னிடம்.
பிரேக்கில் காலை வைத்தபடி இருந்தேன்.
கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது அது.