டிக்கெட் ஆயிரம் ஷில்லிங்

திரைக்கு முதுகு காட்டித்தான் என் ஸ்டூல்.
கம்பாலாவின் பள்ளத்தில், ப்வைசேயில்,
சாக்கடைமேல் பலகை போட்ட வீடியோ கொட்டகை வாசலில்
பதினொரு வருஷமாகப் படங்களை
முதுகால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெஞ்சு சொல்லிவிடும் எனக்கு.
கிறீச்சிட்டால் முன்னால் சாய்கிறார்கள், படம் ஓடும்.
செருப்பு தேய்ந்தால் கொட்டாவி.
வேர்க்கடலை அதிகம் விற்றால்
கதாநாயகி கடிதம் படிக்கிறாள் என்று அர்த்தம்.

வெடிகுண்டில் பத்து நொடி பாக்கி இருக்கும்.
இரண்டு நிமிஷம் பேசுவார்கள்.
அதை இங்கே யாரும் குறை சொன்னதில்லை.
கடன்காரன் கதவைத் தட்டும்போது
பத்து நொடி எவ்வளவு நீளும் என்று தெரிந்தவர்கள்.
மழையில் முத்தமும் பரவாயில்லை.
ஆனால் ஒரு ஹீரோ
தட்டு நிறையக் கோழியை வைத்துவிட்டு
தொடாமலே எழுந்து போனான் ஒருமுறை.
கொட்டகை மன்னிக்கவில்லை.
"கோழியை எடுத்துக்கொண்டு ஓடுடா!"
கடைசிவரை கத்தினார்கள்,
அவன் உலகத்தைக் காப்பாற்றியபோதும்.

படம் சொல்கிறவன் லுவன்யாகா.
மைக்கைப் பல்லில் இடிக்கும்படி பிடித்து
ஆங்கிலமோ சீனமோ, எல்லாவற்றையும்
லுகாண்டாவில் கொட்டுவான்.
நியூயார்க் போலீஸ்காரனுக்கு
கலெர்வே சந்தையில் ஒரு மாமியார் முளைப்பாள்.
வில்லன் மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருப்பான்.
படத்தில் இல்லாத வசனத்துக்குத்தான் விசில்.

அவனாலும் ஆகாத ஒன்று உண்டு.
எங்கள் நிறத்தில் ஒருவன் வருவான்.
ஹீரோவின் நண்பன். நன்றாகச் சிரிப்பான்.
பர்ஸைத் திறந்து மகளின் போட்டோவைக் காட்டுவான்.
அவ்வளவுதான். காட்டினால் செத்தான்.
அரை மணிக்குள் ஹீரோவின் மடியில் தலை.
பர்ஸ் வெளியே வந்தாலே பெஞ்சுகள் முனகும்:
"மூடு, மூடு, உள்ளே வை."

போன ஏப்ரல், வெள்ளம் வடிந்த வாரம்,
பாதிப் படத்தில் கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்குள் சேறு.
நூற்றுப் பத்து பேர், ஒரே வாசல், அதில் நான்,
மடியில் காசுப்பெட்டி.
பணத்தைத் திருப்பிக் கொடு என்று எவனாவது தொடங்குமுன்
லுவன்யாகா, மைக் இல்லாமல், வெறும் தொண்டையில்:

"ஹீரோ ஹெலிகாப்டரில் ஏறுகிறான்.
ஏறவில்லை. ஒரு கால் மேலே வைத்தவன் திரும்பிப் பார்க்கிறான்.
ஏன்?
கீழே யாரோ இருமுகிறார்கள்."

ஒரு பெஞ்சுகூட அசையவில்லை.

"அவன்தான். பர்ஸ்காரன்.
குண்டு பர்ஸில் பாய்ந்து நின்றுவிட்டது.
மகள் போட்டோவில் ஓர் ஓட்டை,
காதுக்குப் பக்கத்தில். முகத்துக்கு ஒன்றுமில்லை."

பிறகு முக்கால் மணி நேரம் அவனுடைய படம்.
வெள்ளைக்காரன் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.
ஹெலிகாப்டரை அவனே ஓட்டினான்,
வாடகை பைக் மாதிரி, சந்துக்குள், கண்ணாடியை மடக்கிக்கொண்டு.
என்றோ விட்டுப்போன அந்தக் கோழித் தட்டையும்
எங்கிருந்தோ கொண்டுவந்து
உட்கார்ந்து தின்றான். எலும்பு உடையும் சத்தம்
லுவன்யாகாவின் வாயில்.
அன்றுதான் ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன்.
பார்க்க ஒன்றும் இல்லை. இருட்டு.

மறுநாள் கரண்ட் வந்தது.
கேள்விப்பட்டு இருமடங்கு கூட்டம்.
படம் இருந்தபடியே ஓடியது.
செத்தவன் செத்தவனாகவே கிடந்தான்.
"மயக்கம், வெறும் மயக்கம்" என்றான் லுவன்யாகா.
திரையில் சவப்பெட்டி வந்தது.
"மயக்கம்..."
மேலே கொடி போர்த்தினார்கள்.

பைக் ஓட்டும் செம்பிஜாதான் முதலில் வெளியே வந்தான்.
"நேற்று ஓடியதுதான் அசல். இது திருட்டுப் பிரதி."
உள்ளங்கையை நீட்டினான்.
பின்னால் வரிசை.

நாற்பத்திரண்டு பேருக்குக் கொடுத்தேன்.
முதலாளி முக்கீபி அதை என் சம்பளத்தில் பிடித்தார்,
அது வேறு கதை.

வரிசையின் கடைசியில்
லுவன்யாகா நின்றான், கையை நீட்டிக்கொண்டு.
"நீ டிக்கெட்டே எடுக்கவில்லையே?"
"பார்த்துவிட்டேனே" என்றான்.