கேள்வி எண் நாற்பத்தேழு

வியாழன் கடைசி இரண்டு பீரியட்
ஹைடெக் லேப் எங்களுக்கு.
முப்பத்தோரு பேர். ஓடுகிற கணினி ஒன்பது.
என் நாற்காலியில் பாதி சலேத்துக்கு.

எந்தப் படிப்புக்கு யார் லாயக்கு என்று
தொண்ணூறு கேள்வியில்
அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுமாம்.

முதலில் ஒரு கட்டம்: குடும்ப ஆண்டு வருமானம்.
கச்சான் அடிக்கையில் கேட்டால் ஒன்று,
வாடையில் கேட்டால் வேறொன்று.
கட்டம் ஒரே எண்ணைத்தான் வாங்கும்.
தாசில்தார் ஆபீஸ் எழுதித் தந்த
எழுபத்திரண்டாயிரத்தை அப்படியே போட்டோம்,
மூக்கையூர்ப் பிள்ளைகள் எல்லோரும்.

'குழுவாக வேலை செய்யப் பிடிக்குமா?'
கரைவலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது.
பிடிக்குமா என்று கேட்டு
யாரும் கயிற்றைக் கையில் கொடுத்ததில்லை.
'ஓரளவு.'

'எண்களோடு வேலை செய்வீர்களா?'
ஏலக்கூடத்தில் அம்மாவுக்குக் கணக்கு நான்.
ஐஸ் பெட்டி பதினாலு, தரகு நூற்றுக்கு ஏழு,
பழைய கடனில் வெட்டியது போக மிச்சம்.
மிச்சத்துக்கு எண் தேவைப்பட்ட நாள் குறைவு.
'மிகவும்.'

ஜெசிந்தா டீச்சர் சுவரில் ஒட்டியிருந்தார்
விண்ணப்பம் தொடங்கும் நாளை, முடியும் நாளை.
சலேத் காதில் சொன்னாள்:
"ரெண்டும் தடைக்காலத்துக்குள்ளதான்டி."

குறை சொல்லவில்லை.
போன மாதம் பஸ் வைத்து
ராமநாதபுரத்துக் கல்லூரியைக் காட்டினார்கள்.
தயிர்சாதம், தொப்பி, ஆளுக்கொரு பேனா.
ஜெரோன் ஆய்வகத்தைப் படம் எடுத்தான்.
நான் பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருந்த நேரப் பட்டியலை.
சாயல்குடிக்கு ஐந்தே முக்கால்.
அது வந்து சேர்வதற்குள்
எங்கள் ஊர் வண்டி கிளம்பியிருக்கும்.

நாற்பத்தேழு:
'வீட்டை விட்டு வெளியூரில் தங்குவீர்களா?'
ஐந்து பொத்தான்.
அம்பு நடுவில் நின்று நடுங்கியது.
வெளியே உப்புக் காற்று, ஜன்னல் கொக்கி தட்டிக்கொண்டே.
அப்பாவின் போன் நினைவுக்கு வந்தது,
மங்களூர்த் துறைமுகத்திலிருந்து, நேற்று:
சாப்டியா, வச்சிர்றேன்.

மவுஸ் மேல் என் கை,
என் கை மேல் சலேத்தின் கை.
அமுங்கியது.

அப்புறம் வட்டம் சுற்றத் தொடங்கியது.
சுற்றியது.
மணி அடித்தும் சுற்றியது.
"சர்வர் போச்சு, அடுத்த வாரம் முதல்லேர்ந்து,"
டீச்சர் மெயினை அணைத்தார்.

பஸ்ஸுக்கு ஓடும்போது கேட்டேன்,
"எத்தனாவதுடி அமுக்குன?"
"நான் எங்க அமுக்குனேன்,
நீதான?"