அரைப்பேர்

ஹட்டன் தபால் கந்தோரில்
தந்திச் சொற்களை எண்ணுகிற வேலை எனக்கு.
சொல்லுக்கு இத்தனை சதம்.
'அப்பா காலமானார் உடனே வரவும்.'
நாலு சொல்.
'உடனே'யை எடுத்துவிடலாம் அக்கா,
செத்த வீட்டுக்கு யாரும் ஆறுதலாக வரமாட்டார்கள்
என்பேன்.
கைச் சில்லறையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.
பாட்டெழுத நான் படித்த பள்ளிக்கூடம்
அந்தக் கம்பி ஜன்னல்தான்.

டொமினிக் மாஸ்டர் மெட்டைத்தான் முதலில் தருவார்,
பேக்கரி மாடியில்,
கோதுமை மாவு படிந்த ஆர்மோனியத்தில்.
'கடைசியில் நெடில் வைக்காதே பிள்ளை,
ஜெசிந்தாவுக்கு ஆஸ்துமா.'
வைக்கவில்லை.
பதினேழு வருடம், ஒன்பது நாடகம்,
டிக்கோயா ஆஸ்பத்திரி அட்டெண்டன் ஒருத்தியின்
மூச்சு எவ்வளவோ
அவ்வளவுதான் என் யாப்பு.

முதல் நாடகத்து நோட்டீசில்
'பாடல்கள்: ப. சுந்தர்' என்றிருந்தது.
பவளசுந்தரியின் மேல்விலங்கு கழன்று
புள்ளி ஒன்று வந்து குந்தியிருந்தது.
அச்சகத்தில் போய்க் கேட்டேன்.
பொம்பளைப் பெயர் போட்டால் டிக்கட் போகாதாம்,
செயலாளர் சொன்னாராம்.
ஆக, அது எழுத்துப்பிழை இல்லை.
அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி
அட்டை கடித்த காலுக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தாள்.
நோட்டீசைக் காட்டினேன்.
'அரைப்பேர் போட்டிருக்கான்' என்றாள்.
இரண்டு கிலோ குறைந்த நாளில்
செக்ரோலில் விழுமே, அது.

மூன்றாவது நாடகத்தில் கொழுந்து நிறுக்கும் காட்சி.
மறுநாள் ஒத்திகை,
இரவு பதினொரு மணிக்கு எழுதினேன்:

    தராசு முள்ளு எங்கே நிக்குது
    ஏழைக் கண்ணீர் எங்கே சேருது

முதல் வரி என்னுடையது.
இரண்டாவது, இடத்தை நிரப்ப வந்தது.
தந்தியில் என்றால் 'கண்ணீரை' வெட்டியிருப்பேன்,
சதத்துக்கு உதவாத சொல்.
பதுளையில் ஜெசிந்தா 'கண்' என்றதும்
மூச்சு நின்றுவிட்டது.
விசும்புகிறாள் என்று நினைத்துச் சனம் கைதட்டியது.
அதன் பிறகு எல்லா ஊரிலும்
மாஸ்டர் அந்த இடத்தில் ஆர்மோனியத்தை நிறுத்தினார்.
எனக்குக் கூச்சமாக இருந்தது.
மாற்றித் தருகிறேன் மாஸ்டர் என்றேன்,
ஆறேழு தடவை.
'ஓடுகிற வண்டியில் சக்கரம் மாற்றாதே.'

எண்பத்து மூன்று ஆடியில்
பேக்கரி எரிந்தது, மாடியோடு.
ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகள் மட்டும்
சாம்பலில் கிடந்தனவாம்.
மாஸ்டர் கப்பலேறினார்.
ஜெசிந்தா வேலைக்குப் போனாள்.
நான் மற்றவர்களின் சொற்களை எண்ணினேன்,
அந்த மாதம்
யாருடையதையும் குறைக்கச் சொல்லவில்லை.

போன வருடம்
பல் டாக்டரிடம் போகிறேன்.
கொட்டகலையில் பஸ் நின்றுவிட்டது.
ரோட்டை மறித்து நூறு நூற்றைம்பது பெண்கள்,
தலையில் ரெட்டு, கையில் வெறும் சாக்கு.
சம்பளப் பிரச்சினை என்றார் கண்டக்டர்.
அவர்கள் பாடியது எனக்குக் கேட்டது.
மெட்டு மாஸ்டருடையது.
முதல் வரி என்னுடையது.
இரண்டாவது வந்தபோது
முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்:

    தராசு முள்ளு எங்கே நிக்குது
    சாக்குக்கு ரெண்டு தண்ணிக்கு ரெண்டு

கழிக்கிற கிலோவைத்தான் சொல்கிறார்கள்.
அதே மாத்திரை. கடைசியில் குறில்.
யார் மாற்றினார்கள்,
எந்த லயத்தில், எந்த வருடம்?
நாற்பது வருடமாக எனக்கு வராத வரி.

என்னை அறியாமல் வாய் அசைந்திருக்க வேண்டும்.
ஜன்னலுக்குக் கீழே நின்ற பெண்,
இருபது வயதிருக்கும்,
'ஆன்ட்டி, இந்தப் பாட்டு தெரியுமா?' என்றாள்.
பழையபடிதான் தெரியும் என்று
பாடிக் காட்டினேன், கண்ணீரோடு சேர்த்து.
'அது பிழை' என்றாள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
நாலு சொல்.
ஒன்றையும் எடுக்க முடியவில்லை.
பல் டாக்டர் மூன்று மணிக்கே போய்விட்டார்.