நாற்பத்தி மூணாம் பக்கம்

வாய்தாவுக்கு முந்தின ராத்திரியே
கடற்கரையிலிருந்து பஸ் ஏறிவிடுவார் பிரகாசியக்கா.
உலை வேண்டாமென்று மணலில் உட்கார்ந்ததற்கு
அவர்மேல் பதினேழு வழக்கு.
ஒத்தக்கடையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது
துணிப்பையோடு நிற்பார்.

"ரெண்டு பக்கமும் அடிங்க தம்பி."
"கோர்ட்டுக்கு ஒரு பக்கந்தான்க்கா."
"அப்ப என் காப்பிய மட்டுமாவது."

நாற்பத்தி மூணாம் பக்கம் பாதி வெளியே வந்தபோது
கரண்ட் போனது.
வாரியத்தைத் திட்ட ஆரம்பித்து
அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.
சிரித்தார்:
"எங்க ஊர்லயும் போகும்.
உலைக்குப் பக்கத்துலயே."

எதிரே யானைமலை படுத்திருந்தது.
அதன் குகை நெற்றியில் ஈராயிரம் வருடத்து எழுத்து.
பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.
தமிழ்தான் என்றார்கள்.
ஓரெழுத்தும் பிடிபடவில்லை எனக்கு.

அதைச் சொன்னேன்.
அக்கா டீ கிளாசைக் கீழே வைத்தார்.
"எரிஞ்சு முடிஞ்ச கோலப் புதைப்பாங்களாம்.
அதுல ஒரு விஷம்
இருபத்தி நாலாயிரம் வருஷங் கழிச்சும்
பாதி அப்படியே இருக்குமாம்.
இங்க தோண்டாதேன்னு
எந்த எழுத்துல தம்பி எழுதி வைப்பாங்க?"

நாளெல்லாம் எழுத்தை நகலெடுக்கிறவன் நான்.
மலையைப் பார்த்தேன்.

பத்தேகாலுக்கு விசிறி சுழன்றது.
மிஷின் அந்தத் தாளைத் துப்பியது,
மேலே அவர் பெயர், கீழே கரிப்பூச்சு.
கசக்கப் போனேன்.
வாங்கி நாலாக மடித்துக்கொண்டார்.
பின்பக்கம் வெள்ளையாம்,
மளிகைக் கணக்கு எழுதலாமாம்.

படியிறங்கினவர் திரும்பி வந்து
ஆளில்லாத மூலையில் ஓடிய விசிறியை
அணைத்துவிட்டுப் போனார்.