பதினான்கு நாள் இலவசம்

உங்கள் தொழில் எந்த வகை என்று கேட்டது முதல் திரை.
சில்லறை, மொத்தம், சேவை, உணவகம், அழகு நிலையம்.
செவ்வாய்ப்பேட்டையில் ஒன்றரை ஆள் அகலச் சந்தில்
ஆறு பேரை வைத்துக் கொலுசு செய்கிற நான்
பட்டியலின் அடிவரை இறங்கி
‘மற்றவை’யில் போய் நின்றேன்.

எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்றார்
பக்கத்துச் சந்து ஜவ்வரிசி புரோக்கர் அருள்சோதி.
பென்டிரைவ் கொண்டுவாருங்கள், என்னிடம் திருட்டுக் காப்பி இருக்கிறது.
போன ஐப்பசியில் அதே காப்பி
அவருடைய நாலு வருடக் கணக்கை விழுங்கிவிட்டு
ஒரு பூட்டின் படத்தை மட்டும் காட்டியது.
மறந்துவிட்டார் போல.

முதல் மென்பொருள் தமிழ் பேசும் என்றார்கள்.
பேசியது.
‘உங்கள் வண்டி காலியாக உள்ளது’ என்றது.
எட்டிப் பார்த்தேன்.
வாசலில் என் ஸ்கூட்டி,
பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டது நேற்றே.
இதற்கு எப்படித் தெரிந்தது என்று
ஒரு நொடி நிஜமாகவே யோசித்தேன்.

இரண்டாவது அழகி.
வட்டமாய், கோபுரமாய், வண்ணம் வண்ணமாய்
என் வியாபாரத்தை எனக்கே படம் வரைந்து காட்டினாள்.
ஆனால் அவளுக்கு ரூபாய் மட்டும்தான் தெரியும்.
இங்கே கடன் கிராமில்.
ஐந்நூறு கிராம் கம்பி கொடுத்தால்
நானூற்று எண்பத்தேழு கொலுசாய் வரும்,
ஒன்பது துண்டாய் வரும்,
நாலு, நெருப்புக்கும் துடைப்பத்துக்கும் போகும்.
கொடுத்ததை விற்பனை என்றாள்.
வந்ததைக் கொள்முதல் என்றாள்.
இன்னும் மெருகே ஏறாத கொலுசுக்கு
லாபம் காட்டிப் பச்சையாய்ச் சிரித்தாள்.
பற்றவைக்கும் மாதையன் வாடிக்கையாளரா, சப்ளையரா,
ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றாள்.

மூன்றாவது பார்க்கச் சகிக்காது.
தாலுகா ஆபீஸ் விண்ணப்பம்போல் சாம்பல் நிறம்.
ஆனால் ‘எடை’ என்று ஒரு கட்டம் இருந்தது,
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
‘டச்’ என்று இன்னொன்று. ‘சேதாரம்’ என்றும்.
இதை எழுதியவன் என்றோ ஒருநாள்
ஒரு பட்டறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறான்.

பதின்மூன்றாம் நாள் போன் வந்தது கோயம்புத்தூரிலிருந்து.
பெயர் தாரகேஸ்வரி, விற்பனைப் பிரிவு.
ஆண்டுச் சந்தா என்றால் இரண்டு மாதம் தள்ளுபடி, மேடம்,
இன்றிரவு பன்னிரண்டு மணி வரைதான்.
வெள்ளி நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துவோம்,
காற்றடித்தால் தராசு பொய் சொல்லும்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்:
ஒத்துவராமல் நான் போய்விட்டால்
என் கணக்கை என்னிடமே தருவீர்களா,
முழுசாக, போட்ட எடைக்கு?

யாரும் அப்படிக் கேட்டதில்லையாம்.
மேலாளரை விசாரிக்கப் போனாள்.
லைனில் ஏதோ வீணை ஓடிக்கொண்டிருந்தது.

நானும் ஒருமுறை கேட்கவில்லை.
நாமக்கல்லில் ஒரு வீட்டு பீரோவில்
என் முப்பத்திரண்டு பவுன் இன்னும் இருக்கிறது.
எந்தக் கொத்தில் எத்தனையாவது சாவி என்பதுகூடத் தெரியும்.

‘எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்கிக்கொள்ளலாம் மேடம்,
சந்தா முடிந்த பிறகும் தொண்ணூறு நாள்.’
பணம் கட்டினேன்.

ராத்திரி நோட்டிலிருந்து பாக்கிகளை ஏற்றினேன்.
மாதையன், முப்பத்தெட்டு கிராம் நானூறு மில்லி,
மகளின் ஆபரேஷனுக்கு எடுத்தது.
நோட்டில் அதைப் பென்சிலில் எழுதியிருந்தேன்.
இதில் பென்சில் இல்லை.
கெடு தேதி கட்டாயம் என்றது சாம்பல் திரை.
காலியாக விட்டால் சிவந்தது.
‘தெரியாது’ என்று அடித்தால், எண் மட்டும் என்றது.
31-12-2099 என்று போட்டேன்.
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

காலையில் மாதையன் போனை நீட்டினார்.
ஏதோ வந்திருக்கு அம்மிணி, கண்ணாடி எடுத்துவரல.
வாசித்துக் காட்டினேன்.
மதிப்பிற்குரிய மாதையன் அவர்களே,
தங்கள் பாக்கி 38.400,
செலுத்தவேண்டிய கடைசித் தேதி...

வருடத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.
விரல்விட்டு எண்ணப் பார்த்தார், பத்தோடு நிறுத்திக்கொண்டார்.
ஊதுகுழலை வாயில் வைக்குமுன்
‘அதுக்குள்ள குடுத்துரலாம்’ என்றார்.