தாமதப் படம்

தண்டையார்பேட்டையில் ஸ்கேன் சென்டர்
பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
காலை ஆறரை. வெறும் வயிறு.
கீழே கன்டெய்னர் லாரிகள்
துறைமுக கேட் திறக்குமென்று
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்து நிற்கின்றன.

வருடத்துக்கொரு முறை வருகிறேன்.
வயிற்றுக்குள் பெருந்தமனி வீங்கிய இடத்தில்
தொடை வழியே நுழைத்து விரித்த குழாய்
ஏழு வருடமாக இருக்கிறது.
துணியும் கம்பியும்.
கால்சட்டை மாதிரி கீழே இரண்டாகப் பிரியும்.
"வச்சாச்சுன்னு விட்டுடாதீங்க,
வருஷா வருஷம் படம் பாக்கணும்"
என்றார் டாக்டர் நவ்ஷாத்.

யாரிடம் சொல்கிறார்.
முப்பத்தோரு வருடம்
மணலியிலும் எண்ணூரிலும்
பைப்புக்குப் படம் எடுத்தவன் நான்.
ராத்திரி ஷிப்டில் ஆட்களை விரட்டிவிட்டு
கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து,
வெல்டின் ஒரு பக்கம் பிலிம், மறுபக்கம் இரிடியம்,
ஓரத்தில் ஈய எழுத்தில் ஜாயின்ட் நம்பர்.
தள்ளி நின்று வினாடி எண்ணுவேன்.
விடியும்போது இருட்டறைத் தொட்டியில்
இரும்பு தன் உள்ளைக் காட்டும்.
புள்ளி என்றால் காற்றுக் குமிழ்.
கோடு என்றால் பிளவு.
அங்கே குறை எல்லாம் கறுப்பு.
இங்கே அது வெள்ளை என்று தெரிய
எனக்கு அறுபத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது.

"தேசப்பன் சார், கையத் தலைக்கு மேல தூக்குங்க."
ரூத் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டாள்.
எந்திரத்துக்குள் ஒரு பெண்குரல்
"மூச்சை இலுத்துப் பிடிங்க" என்கிறது.
ழ வராத அவளுக்காகவும் சேர்த்து
நான் மூச்சை இழுக்கிறேன்.
ஊசி வழியே மருந்து ஏறுகிறது.
தொண்டையில் சூடு. அப்புறம் அடிவயிற்றில்.
ஒண்ணுக்குப் போய்விட்டேனோ என்று ஒரு வெட்கம்.

"அசையாதீங்க சார், இன்னொண்ணு இருக்கு.
ரெண்டு நிமிஷம்."

வேகமான ரத்தம் முதல் படத்திலேயே வந்துவிடும்.
மெதுவாகக் கசிவது
ஆள் போன பிறகுதான் வரும்.
போன வருடம்
"பசிக்குதும்மா, போதும்" என்று
நானேதான் எழுந்து போனேன்.

ரெண்டு நிமிடம் என்பது நீளம்.
எண்ணூரில் சாம்பல் பைப்பு, நூற்றுப் பதினாலாம் ஜாயின்ட்.
மங்கலாக ஒரு நிழல்.
கோணம் மாற்றி இன்னொரு படம் எடுத்திருக்க வேண்டும்.
கான்ட்ராக்டர் ஜீப்பில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
"ஏற்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அந்த லைனைக் கழற்றி எப்போதோ
எடைக்குப் போட்டுவிட்டார்கள்.
கசிந்ததா என்று கேட்க ஆளில்லை.
கேட்கிற ஆள் நான் மட்டும்தான்.

படுக்கை உள்ளே போய் வெளியே வந்தது.

"காட்டக் கூடாது சார்" என்றபடியே
ரூத் திரையைக் கொஞ்சம் திருப்பினாள்.
முதல் படம் சுத்தம்.
இரண்டாவதில், கம்பி வலைக்கு வெளியே,
உறைந்த பழைய ரத்தத்தின் சாம்பலுக்குள்
நகக்கண் அளவு வெள்ளை.
போன வருடம் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் வீக்கம்.
இப்போது ஐம்பத்தேழு.
"பக்கக் கிளையா, மேல் விளிம்பா?" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
"டாக்டர் சொல்வாரு சார்.
நீங்க எதுல வேலை பாத்தீங்க?"

பிலிம் உறையை வாங்கிக்கொண்டு
மாடிப்படியில் உட்கார்ந்து பேனா எடுத்தேன்.
கை தானாக எழுதியது:
ரிப்பேர். மறுபடம்.
தேதி. கையெழுத்து.

அமுலு டிபன் பாக்ஸைத் திறந்தபடி
எட்டிப் படித்தாள்.
"யாருக்கு ரிப்பேர்?"
"எனக்குத்தான்."
கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தாள்.
பிறகு இட்லி மேல் பொடியைத் தட்டி
எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தாள்,
வழக்கத்தைவிட நிறைய,
பாக்ஸின் ஓரம் தாண்டி
அவள் விரலில் வழிகிற வரை.