குழாய் திறந்திருந்தது

முதலில் நான் கேட்பது எந்த மாடி என்று.
யார் என்று இல்லை, எப்போது என்று இல்லை.
கேட்கிறவர்களுக்கு இது கல்நெஞ்சாகப் படலாம்.
மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது என்றால்
ஆறு ஆள் வேண்டும்,
படி திரும்புகிற இடத்தில் பெட்டியை
ஏறக்குறைய நிற்க வைக்க வேண்டும்.
அப்புறம், பதினைந்து ஆம்பியர் பிளக் இருக்கிறதா.
அப்புறம்தான் பெயர்.

பெயரைச் சொல்லும்போதுதான் உடைவார்கள்.
அதுவரைக்கும் சிலிண்டர் புக் பண்ணுகிற குரல்.
நான் காத்திருப்பேன்,
பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றி.
அயனாவரம் கடையில் ராத்திரி ஷிப்டுக்கு
ஒரு டியூப்லைட், ஒரு கொசுவர்த்தி, இரண்டு போன்.
'பாடி' என்ற சொல்லை நான் எடுப்பதில்லை.
அவர்கள் அப்பா என்றால் அப்பா,
சார் என்றால் சார்.
'ரூம்லதான் இருக்காரு' என்பார்கள்.
திருத்த மாட்டேன்.

மார்ச் மாதம். விடிகாலை நாலு இருபது.
பெண் குரல், பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம்.
எந்த மாடிம்மா?
"முதல் மாடி. ஆனா இப்ப வராதீங்க."

குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று
எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது.
வாளி நிறைந்து சத்தம் மாறியது.
அவள் மூடவில்லை.

"பொண்ணு ஹால்ல படிச்சுக்கிட்டிருக்கா.
இன்னைக்குக் கணக்கு. பப்ளிக்.
அப்பா இப்பத்தான் கண்ணசந்தாருன்னு சொல்லியிருக்கேன்.
ஒன்பதுக்குக் கிளம்பிடுவா.
அப்புறம் வாங்க."

இருபத்தோரு வருஷமாக
சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்றே கேட்ட காது.
சரிம்மா என்றேன்.
டாக்டர்?
"போன மாசமே வீட்டுக்கு அனுப்பிட்டாரு.
ஒன்பதரைக்கு வந்து எழுதித் தரேன்னாரு."
ஏசியைப் பதினாறுல வைங்க. ஃபேன் வேண்டாம்.
சின்ன டவலைச் சுருட்டித் தாடைக்கு அடியில கொடுங்க.
கட்டாதீங்க,
பொண்ணு எட்டிப் பார்த்தா தெரியும்.
போர்வை நெஞ்சு வரைக்கும் போதும்.
ஒவ்வொன்றுக்கும் 'ம்' என்றாள்,
மளிகைச் சாமான் எழுதிக்கொள்கிற மாதிரி.

பெயர்?
"குணசீலன்."
மூடியைக் கழற்றினேன், மாட்டினேன்.
அவள் உடையவில்லை.
குழாய் நின்றது. போனும் நின்றது.

எட்டரைக்குப் பிச்சாண்டியை அனுப்பினேன்.
வில்லிவாக்கம்.
தெரு உள்ளே போகாதே,
முனையில் இஸ்திரி வண்டியை ஒட்டி நிறுத்து,
விளக்கு போடாதே,
கடைப் பெயர் எழுதின பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும்.
மறுபக்கமும் எழுதியிருக்கிறதே என்றான்.
டீயை வாங்கிக்கொண்டு
அதன் மேல் சாய்ந்து நில்லடா என்றேன்.

மற்றது அவன் சொல்லித்தான் தெரியும்.

ஒன்பது ஏழுக்கு வந்தாளாம்.
இரட்டைச் சடை, ஈரம் சரியாகக் காயவில்லை.
ஹால் டிக்கெட் தெரிகிற பிளாஸ்டிக் உறை,
அதில் காம்பஸ், இரண்டு நீலப் பேனா.
இவனைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து
"அண்ணா, பன்னெண்டாம் நம்பரா?" என்று கேட்டாளாம்.
"இல்ல பாப்பா, பின்தெரு."
தலையாட்டினாளாம்.
ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி,
ஒரு கால் உள்ளே வைத்த பிறகு,
"மாடி வளைவுல கைப்பிடிக் கம்பி ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்கும்.
பார்த்துத் தூக்குங்க" என்றாளாம்.

டீ ஆறிவிட்டது, அண்ணே,
குடிக்க முடியல என்றான் பிச்சாண்டி.

அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை.
பரீட்சை எப்படி எழுதினாள் என்று தெரியாது.
போன வீட்டுக்குத் திரும்பப் போன் பண்ணிக் கேட்பது
எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

மறுநாள் சாயங்காலம் பெட்டி வந்து சேர்ந்தது.
டெட்டால் போட்டுத் துடைக்கும்போது
நாலு மூலையும் தடவிப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.